ஆன்போர்டு சவுண்டை எங்கே அணைப்பது: விண்டோஸிலா, பயாஸிலா?

தனி சவுண்ட் கார்டு போட்ட பிறகும் சத்தம் மதர்போர்டின் ரியல்டெக் சிப் வழியாகவே போகிறதா? அதை அணைக்க இரண்டு இடங்கள் உண்டு: விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர், அல்லது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையான பயாஸ்.

டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸேபிள் டிவைஸ்’ கொடுத்தால் வேலை முடிந்தது. வேண்டுமென்றால் அங்கேயே திரும்ப எனேபிள் செய்துகொள்ளலாம். தயவுசெய்து ‘அன்இன்ஸ்டால்’ மட்டும் கொடுக்காதீர்கள்; ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அதைக் கண்டுபிடித்து மறுபடி உட்கார வைத்துவிடும்.

பயாஸில் ‘எச்டி ஆடியோ கன்ட்ரோலர்’ என்பதை அணைத்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் கண்ணிலும் அந்தச் சிப் படாது. ஒரே கம்ப்யூட்டரில் இந்த இரண்டையும் (டூயல் பூட்) வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி. பயாஸ் செட்டிங்ஸைக் காப்பாற்றி வைக்கும் சிமாஸ் பேட்டரியை மாற்றினால் திரும்ப ஒருமுறை அணைக்க வேண்டியிருக்கும்.

எங்கே அணைத்தாலும் கேபினெட்டின் முன்பக்க ஹெட்போன் ஜாக் ஊமையாகிவிடும், ஏனென்றால் அதன் ஒயர் மதர்போர்டில்தான் செருகியிருக்கிறது. கார்டிலும் அதே 9 பின் இணைப்பு இருந்தால் அங்கே மாற்றிச் செருகுங்கள். பின் இல்லாத இடத்தில் ஒயர் முனையின் ஓட்டையை அடைத்திருப்பதால் திசை மாறிவிடும் என்ற பயம் வேண்டாம்.

என் ஓட்டு பயாஸுக்கு. ஆனால் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ ஆடியோ குறுக்கே வந்தால், அதை டிவைஸ் மேனேஜரில்தான் அணைக்க வேண்டும்.