கச்சேரி கேசட்டுக்கு 320 எதற்கு? எம்பி3 அமைப்புகள் பற்றி என் அனுபவம்

கர்நாடக இசைக் கேசட்டுகளையும் சிடிக்களையும் கணினியில் ஏற்றிச் சேமிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பதிவுக்கு ஆடாசிட்டி மென்பொருள், எம்பி3 ஆக்க லேம் என்ற என்கோடர் (ஒலியைச் சுருக்கும் நிரல்). கேசட் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "320-லயே போட்டுக் குடுங்க" என்பார்கள். அதாவது பிட்ரேட், ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவு, 320 கேபிபிஎஸ் (கிலோபிட்) இருக்க வேண்டும் என்று. தேவையில்லை என்பதே என் தீர்மானமான கருத்து.

நான் நிரந்தரமாக வைத்திருப்பது லேமின் விபிஆர் (மாறும் பிட்ரேட்) வி2 அமைப்பு. ஆடாசிட்டியில் 'ஸ்டாண்டர்டு, 170-210' என்று வருவது இதுதான். 320 என்றால் ஒரு மணி நேரக் கச்சேரி 144 எம்பி பிடிக்கும். வி2-இல் சுமார் 85 எம்பி. விபிஆரில் பிட்ரேட் ஒரே மாதிரி ஓடாது. நாதம் எளிதாகப் போகும் இடத்தில் மிச்சம் பிடித்து, சிக்கலான இடத்தில் தாராளமாகச் செலவழிக்கும்.

சிக்கலான இடம் எது என்பதற்குக் கடத்தைக் கேட்டாலே போதும். 128 சிபிஆரில் (மாறாத பிட்ரேட்டில்) தனி ஆவர்த்தனத்தைச் சேமித்து ஹெட்போனில் கேளுங்கள். கடத்தில் விரல் படுவதற்கு ஒரு கணம் முன்பே 'ஸ்ஸ்' என்று மெல்லிய பிசிறு வரும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் கணக்கிடுகிறது; ஒரு துண்டுக்கு, அதாவது ஃப்ரேமுக்கு, 1152 சாம்பிள் (ஒலி அளவீடு), சிடியின் சாம்பிள் வேகத்தில் ஏறத்தாழ 26 மில்லிசெகண்ட். பிட் போதாதபோது ஏற்படும் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலிருக்கும் நிசப்தத்திலும் தெரிந்துவிடுகிறது. கஞ்சிரா, மோர்சிங், ஜால்ரா எல்லாவற்றிலும் இதே கதைதான். அதே ஆவர்த்தனத்தை வி2-இல் சேமித்து, ஃபூபார்2000 பிளேயரில் ஏபிஎக்ஸ் சோதனை (எது எது என்று தெரியாமல் கேட்டு அடையாளம் காண்பது) வைத்து மூலத்தோடு ஒப்பிட்டேன். எது எது என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. உங்கள் காதுக்கு எது போதும் என்பதையும் இந்தச் சோதனையிலேயே முடிவு செய்யுங்கள்; பிட்ரேட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பழைய கேசட்டுகளில் கவனிக்க வேண்டியது வேறு. கோயில் திருவிழா நாகஸ்வரம் மாதிரி ஒற்றை மைக்கில் பதிவானவற்றை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டினால், வாசிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். டேப் இரைச்சல் மட்டும் பக்கத்துக்கு ஒரு விதம். அந்த இரைச்சலையும் இசை என்று நினைத்து என்கோடர் பிட்டுகளை வாரி இறைக்கும். மோனோவாக்கிவிட்டால் இரைச்சல் 3 டெசிபல் குறைவதோடு கோப்பும் இளைக்கும். ஆனால் முதலில் டெக்கின் ஹெட் கோணம், அதாவது அசிமுத், சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சேனலையும் சேர்க்கும்போது மேல் ஸ்தாயிப் பளபளப்பு செத்துவிடும். ஸ்டீரியோ பதிவுகளுக்கு ஜாயின்ட் ஸ்டீரியோவை (இரண்டு சேனலுக்கும் பொதுவானதைச் சேர்த்துச் சேமிக்கும் முறை) தயங்காமல் வையுங்கள். லேமில் அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பார்த்து முடிவெடுக்கும், ஸ்டீரியோ பிரிவைக் கெடுக்காது.

எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் மூலத்தை ஃப்ளாக்கில் (ஒலி எதையும் இழக்காமல் சேமிக்கும் வடிவம்) ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 128-இல் இருக்கும் எம்பி3-ஐ 320 ஆக்கினால் போன ஒலி திரும்பாது. கோப்பு பெருத்து, இன்னொரு சுற்று நஷ்டமும் சேரும். கேசட்டோ ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது. ஃப்ளாக் கையில் இருந்தால் நாளைக்கு எந்த வடிவத்துக்கும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

விபிஆரில் ஒரு குறை உண்டு. சில பழைய கார் பிளேயர்கள் பாட்டின் நீளத்தைத் தப்பாகக் காட்டும், நடுவில் தாவினால் தடுமாறும். அப்படிப்பட்ட வண்டிக்கு மட்டும் 192 சிபிஆர் போட்டுக் கொடுக்கிறேன்.

உபன்யாசம், ஹரிகதை போன்ற பேச்சுப் பதிவுகளை இப்போது ஓபஸ் என்ற வேறொரு ஒலி வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். மோனோ, 32 கேபிபிஎஸ், மணிக்கு 14 எம்பிதான்; பேச்சு தெளிவாகக் கேட்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சுலபம். இடையிடையே பாட்டு அதிகம் வரும் ஹரிகதையானால் 64 வைக்கிறேன்.