ஒரே தோள்வலி, இரண்டு நியாயம்: அமெரிக்காவில் தடுப்பூசிக் காயத்துக்கு இழப்பீடு

ஊசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிப்பது சகஜம். மாதக்கணக்கில் தலை வாரக் கை எழவில்லை, சீட் பெல்ட்டை இழுக்கும்போது உயிர் போகிறது என்றால் அது வேறு. தோளெலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதையில் இறங்க வேண்டிய ஊசி மேலே ஏறிக் குத்தினால் மூட்டைச் சுற்றி அழற்சி வரலாம். அமெரிக்காவில் இதை 'சிர்வா' என்பார்கள்.

அங்கே இழப்பீட்டுக்கு இரண்டு திட்டங்கள். எதில் கேட்பது என்பது நம் கையில் இல்லை, எந்தத் தடுப்பூசி என்பதைப் பொறுத்தது.

ஃப்ளூ, டெட்டனஸ் ஊசிகளுக்கு 1988 முதல் நடக்கும் விஐசிபி, அதாவது தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டம். வழக்கு வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியது, வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளில் மட்டும்தான், அதில் முன்பு கோளாறு இல்லை, வேறு காரணமும் இல்லை என்று காட்டினால், ஊசியே காரணம் என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும். 2017-இல் வந்த இந்த விதி பெரிய ஆறுதல். பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மனுப் போட அறிகுறி தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு அவகாசம். வலி வேதனைக்கு மட்டும் 2,50,000 டாலர் வரை கிடைக்கலாம். நியாயமான அடிப்படையுள்ள வழக்கு தோற்றாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரும்.

கோவிட் ஊசிக்கு சிஐசிபி, அதாவது அவசரகால மருந்து, தடுப்பூசிகளால் வரும் காயத்துக்கான தனித் திட்டம். மனுப் போட ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம். நீதிமன்றம் கிடையாது, சுகாதாரத் துறை அதிகாரிகளே முடிவெடுப்பார்கள். மறுபரிசீலனையும் அதே துறைக்குள்தான். வலிக்கு ஒரு சென்ட் கிடையாது, வக்கீல் செலவும் நம்முடையது. இன்ஷூரன்ஸ் தராத மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும்தான் தேறும். அதே தோள், அதே வலி; மருந்துக் குப்பி மாறியதற்காக ஒருவரை இப்படிக் கைவிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அப்போது எந்தக் கையில் எது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. பார்மசியில் பதிவின் நகலைக் கேட்டு, இடதா வலதா என்று உடனே சரிபாருங்கள். தானாகச் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள். 'ஊசி போட்ட அன்றிலிருந்து வலி' என்பதை அவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். 48 மணி நேரக் கேள்வி வரும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.