நோக்கியா 1208: ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்களின் தரம்

2007-இல் வெளிவந்த நோக்கியா 1208 கைபேசியை அழைப்புகளுக்காக மட்டும் இன்றும் பயன்படுத்துகிறேன். விசைகள் அனைத்தும் ஒரே ரப்பர் விரிப்பாக அமைந்திருப்பதால் தூசி உள்ளே புகுவதில்லை. மின்தடையின்போது டார்ச் தாராளமாக உதவுகிறது. ஒரு கைபேசியை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் நிலையை எண்ணி, ஐந்து தனித்தனி எண் பட்டியல்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கேமரா கிடையாது. 2ஜி மட்டுமே என்பதால் ஜியோ சிம் இதில் இயங்காது. பழைய கைபேசிக் கடைகளில் வாங்குவோர் உறையையும் விசைகளையும் பார்த்து வாங்கினால் போதும். பேட்டரி இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

பேட்டரியைக் கழற்றினால் இந்தியத் தயாரிப்பு என்ற குறிப்பு தெரியும். அன்று இந்தியாவில் நோக்கியா கைபேசிகள் தயாரான ஒரே இடம் ஸ்ரீபெரும்புதூர். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, 2011-க்குள் 50 கோடி கைபேசிகளைச் செய்து முடித்திருந்தது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கம்பெனி பேருந்தில் வந்து ஷிப்டு முறையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பலருக்கு அதுவே முதல் வேலை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு விசைகூடத் தளராத இக்கைபேசியின் தரத்தில் பெரும்பங்கு அவர்களுடையது என்றே கருதுகிறேன்.

ஆலை மூடப்பட்டதற்கு அவர்களுடைய வேலையில் இருந்த குறை காரணமன்று. இரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய வருமான வரி வழக்கில் 2013-இல் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை கைமாறவில்லை; ஒப்பந்த முறையில் மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசி செய்துகொடுத்துவந்தது. ஸ்மார்ட்போன்களின் வரவால் சாதாரணக் கைபேசிகளின் சந்தையும் சுருங்கிக்கொண்டிருந்த நிலையில், மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தவே, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி முடிந்தது. அதற்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தனர். இருபதுகளில் இருந்தவர்களுக்கு ஓய்வுத் திட்டம் வகுத்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத செயல். உதிரிபாகம் தந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அங்கிருந்த ஃபாக்ஸ்கான் ஆலை அதே ஆண்டு டிசம்பரில் நின்றது.

பின்னாளில் அதே வளாகத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. கட்டடத்துக்கு மீண்டும் வேலை கிடைத்ததை வரவேற்கிறேன். ஆயினும் 2014-இல் வெளியேற்றப்பட்டவர்களின் அனுபவத்துக்கு அங்கே முன்னுரிமை தருவதை அரசு நிபந்தனையாக்கியிருக்க வேண்டும்.