பெயின்ட் புள்ளியா, டிக்கி ஸ்டிக்கரா? பழைய ஆக்டேவியாவுக்கு ஸ்பிரிங் தேடிய கதை

போன வருடம் ஒரு 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கினேன். 1.8 டர்போ, 150 குதிரைத்திறன். ஐரோப்பாவில் இதே ஆர்எஸ் 180-ஓடு விற்றது, அந்த வயிற்றெரிச்சல் தனி. வாங்கிய இரண்டாவது வாரம் பாளையங்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்கின் சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தால், முன்பக்க இடது வலதைவிட 14 மிமீ தாழ்வு. கண்ணுக்கே தெரிந்ததுதான். தரைதான் சாய்வு என்று அதுவரை மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மாற்றணும், அதுவும் ஜோடியாகத்தான் மாற்றணும். அதில் கேள்வியே இல்லை. எந்த ஸ்பிரிங் என்பதுதான் கேள்வி. ஒரே பாடியில் 1.9 டீசல், 2.0 பெட்ரோல், 1.8 டர்போ என்று வெவ்வேறு கனத்தில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு ஏசி, சன்ரூஃப், ஆட்டோமேடிக் கியர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் எடை கூட்டும். கம்பெனிக்காரன் அந்தந்த எடைக்குத் தனி ஸ்பிரிங் வைத்திருப்பான், பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புச் சுருள். அதைக் கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு: சுருளில் அடித்திருக்கும் பெயின்ட் குறி, டிக்கியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், இல்லையென்றால் வெர்னியர் (கம்பி விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) எடுத்து அளப்பது. வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று சொல்பவர்கள் ஆலங்குளம் வழியாகக் குற்றாலத்துக்கு ஒருதரம் அதில் குடும்பத்தோடு போய்வந்து பேசட்டும்.

முதலில் நான் நம்பியது பெயின்டை. எல்லாருமே அங்கேதான் தொடங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தோம். வலது பக்கம் இரண்டு புள்ளி மங்கலாகத் தெரிந்தது. இடது பக்கம் ஒரு கோடு மாதிரி ஏதோ ஒன்று. மெக்கானிக் டார்ச் அடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பச்சையும் இல்ல, நீலமும் இல்ல, பாசி" என்றார். வண்டி முன்னால் திசையன்விளைப் பக்கம் ஓடியது. தேரி மண்ணும் கடல் உப்புக்காற்றும் இருபது வருடம் பட்ட சுருளில் வெள்ளை மஞ்சளாகிவிடும், மஞ்சள் துருவோடு துருவாகிவிடும், சிவப்பு எப்போதோ போயிருக்கும்.

ஆனாலும் பெயின்டைக் குறை சொல்லி ஒதுக்க மனசு வரவில்லை, எனக்கு உண்மையைச் சொன்னது அதுதான். இரண்டு பக்கமும் குறி வேறு வேறு என்றால் இரண்டு பக்கமும் வேறு வேறு ஸ்பிரிங். முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ ஒரு பட்டறையில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார், கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறார்கள். வண்டியில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்பதைப் பெயின்ட் காட்டும். ஸ்டிக்கரால் அது முடியாது. இன்னொன்று, சில கார்களில் பெயின்ட் என்பது ஸ்பிரிங்கின் வகையைக் குறிப்பதே இல்லை. ஃபியட் 124 குடும்பத்தில் (நம் ஊர் பிரீமியர் 118என்இ அந்தக் குடும்பம்தான்) மஞ்சள், பச்சை என்று இரண்டு குறி வரும். ஒரே ஸ்பிரிங்தான், குறிப்பிட்ட எடையை ஏற்றினால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பிரித்து அடித்த குறி அது. இரண்டு பக்கமும் ஒரே நிறமாகப் போடு என்பதுதான் அதற்கு அர்த்தம். மஞ்சள் என்றால் கெட்டி, பச்சை என்றால் மெத்து என்று யாராவது அடித்துவிட்டால் நம்பவேண்டாம்.

சரி, ஸ்டிக்கருக்கு வருகிறேன். நான் சாய்கிற பக்கம் இதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக் கார்களில் (ஸ்கோடாவும் அதில்தான்) டிக்கிப் பாயைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழிக்குப் பக்கத்தில் பார்த்தால் வெள்ளைக் காகித ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதே தகவல் சர்வீஸ் புத்தகத்தின் முன்பக்கத்திலும் இருக்கும். மேலே சேசிஸ் எண், பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ், பெயின்ட் எண்கள், அதற்குக் கீழே மூன்று மூன்று எழுத்தாக ஒரு பெரிய கூட்டம். அந்தக் கூட்டம்தான் பிஆர் எண்கள், வண்டி தொழிற்சாலையில் என்னென்ன போட்டுக்கொண்டு வெளியே வந்தது என்ற ஜாதகம். நமக்கு வேண்டியது மூன்றுதான். 1பி என்று தொடங்குவது சஸ்பென்ஷன் வகை: 1பிஏ என்றால் சாதாரணம், 1பிஇ என்றால் ஸ்போர்ட்ஸ். 0ஜே என்று தொடங்கி ஓர் எழுத்தில் முடிவது முன்பக்க எடை வகுப்பு. 0ஒய் என்று தொடங்கி எழுத்தில் முடிவது பின்பக்க எடை வகுப்பு. இங்கே நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன், ஏனென்றால் 0ஒய்1 என்று எண்ணில் முடிவதும் உண்டு. அதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை, அது வண்டி எந்தத் தட்பவெப்பத்துக்கு என்று சொல்வது. கடைசியில் இருப்பது எழுத்தா எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் சேசிஸ் எண்ணோடு பாகப் பட்டியலில் கொடுத்தால் ஸ்பிரிங்கின் பாக எண் வந்துவிடும், பல நேரம் அதன் பெயின்ட் குறியும் கூடவே வரும்.

இதை நான் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் போன். திருநெல்வேலியில் இந்த ஸ்பிரிங்கை எவரும் அலமாரியில் வைத்திருக்கப் போவதில்லை. வண்ணார்பேட்டையில் கேட்டாலும் சரி, ஜங்ஷன் பக்கம் கேட்டாலும் சரி, "மெட்ராஸ்ல சொல்லி எடுத்துத் தரேன் தம்பி" என்பதுதான் பதில். ஆக வாங்குவது எப்படியும் போனில். போனில் நிறத்தைச் சொல்லி வாங்கிப் பாருங்கள். நான் பார்த்தேன். இரண்டு புள்ளி, ஒன்று வெள்ளை, ஒன்று ஒருவேளை நீலம் என்று படமும் எடுத்து அனுப்பினேன், அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, பார்சலில் வந்தது டீசல் வண்டி ஜோடி. மாட்டிய பிறகுதான் தெரிந்தது, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. டீசல் இன்ஜின் கனம், அதைத் தாங்குகிற ஸ்பிரிங் என் பெட்ரோல் வண்டியின் முன்னால் எப்படி உட்காரும்? மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள், பார்சல் கூலியும் என் தலையில். இந்தக் காரில் முன்பக்க ஸ்பிரிங் மாற்றுவது என்றால் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) முழுசாக இறக்கி, அமுக்கிப் பிடிக்கும் கருவி போட்டு (கயிற்றால் கட்டிச் செய்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள், அது கையைப் பதம் பார்க்கும்), திரும்ப ஏற்றி, அலைன்மென்ட் பார்த்து முடிக்கணும். தப்பான ஜோடி வந்தால் அத்தனை கூலியும் இரண்டு தடவை. ஸ்பிரிங் விலையைவிட அதுதான் எனக்கு வலித்தது. இரண்டாம் தடவை பாக எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன், கேள்வியே வரவில்லை, எட்டாம் நாள் சரியான ஜோடி வந்தது.

மூன்றாவது வழி, அளப்பது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார், ஸ்பிரிங் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கணக்கு நேரானதுதான்: கம்பி விட்டம், சுருளின் சராசரி விட்டம், வேலை செய்கிற சுற்றுகள் எத்தனை, இவ்வளவு தெரிந்தால் கெட்டித்தனம் வந்துவிடும். ஆனால் கம்பி விட்டம் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 11 மிமீ கம்பி, 100 மிமீ சுருள், 6 சுற்று என்று வைத்தால் மில்லிமீட்டருக்குச் சுமார் 24 நியூட்டன். மேலே இருக்கிற பூச்சையும் துருவையும் சேர்த்து 11.4 என்று அளந்துவிட்டால் அதே கணக்கு 28-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பிசகு, ஸ்பிரிங் வேறு ஆளாகிவிட்டது. பீப்பாய் மாதிரி வயிறு பெருத்த சுருளுக்கு இந்தக் கணக்கே ஒத்துவராது. இன்னொன்றும் உண்டு: பழைய ஸ்பிரிங் தொய்ந்தால் அதன் கெட்டித்தனம் பெரிதாக மாறாது, குறைவது உயரம்தான். நம்மிடம் இருப்பதோ ஏற்கனவே உயரம் குறைந்துபோனது, புதிதில் எவ்வளவு நின்றது என்று அதை அளந்து எப்படித் தெரியும்? வந்த புது ஜோடி இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வெர்னியர் நல்லது. நான் அதற்கு மட்டும்தான் எடுத்தேன்.

ஸ்டிக்கரிலும் ஓட்டை உண்டு. அது பிறந்த நாளின் எடையைச் சொல்கிறது. டிக்கியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டிக்குப் பின்பக்க எழுத்து அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டிக்கரே கிழிந்துபோயிருந்தால் சேசிஸ் எண்ணை வைத்துத் தேடணும், அது என் வண்டியில் தேவைப்படவில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு நண்பரிடம் பென்ஸ் டபிள்யூ124 இருக்கிறது, அதில் ஆட்டம் வேறு. வண்டியின் மாடலுக்கு இவ்வளவு புள்ளி, அதிலிருக்கும் ஒவ்வொரு வசதிக்கும் இவ்வளவு புள்ளி என்று கூட்டி, மொத்தத்துக்கு எந்த ஸ்பிரிங் என்று அட்டவணையில் பார்க்கணும். பழைய பிஎம்டபிள்யூ இ30-க்கும் இதே புள்ளிக் கணக்குதான் என்பார்கள், அதை நான் கையால் தொட்டதில்லை. பென்ஸில் கூடுதல் வசதி என்னவென்றால் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ரப்பர் வளையம் உண்டு, அதன் விளிம்பில் ஒன்று முதல் நான்கு வரை சின்னப் புடைப்புகள் இருக்கும். புடைப்பு கூடினால் வளையம் தடிமன். விரலால் தடவியே எண்ணிவிடலாம், இருபது வருடச் சேறும் அதை அழிக்காது. ஸ்பிரிங்கைத் தொடாமலே உயரத்தைக் கொஞ்சம் திருத்தலாம் என்பதால் எனக்குப் பொறாமைதான். வளையத்தில் கூட்டுகிற தடிமனைவிடச் சக்கரத்தில் உயரம் அதிகமாகவே ஏறும் என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டு, முதல் தடவை இரண்டு படி தாண்டிப் போட்டார், வண்டி லாரி மாதிரி நின்றது.

என் வண்டி இப்போது இடதும் வலதும் 3 மிமீ வித்தியாசத்தில் நிற்கிறது. நாங்குநேரி தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்றில் போன வாரம் ஓட்டினேன், ஸ்டியரிங் கையிலேயே இருந்தது. டீசல் ஜோடி வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, 1.9 வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் முதலில் டிக்கியைத் திறந்து 0ஜே என்ன எழுத்து என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.