டெஸ்டோஸ்டிரோன் ஊசி: சில வருட அனுபவம்

எனக்கு வயது 51. சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவுக்காகச் சில வருடங்களாக ஹார்மோன் டாக்டரின் மேற்பார்வையில் மருந்து எடுத்து வருகிறேன். முதலில் ஜெல், இப்போது ஊசி. பலன் இருக்கிறது. ஆனால் விளம்பரங்களில் சொல்லும் பலன் இல்லை. எதற்குப் பலன் தந்தது, எதற்குத் தரவில்லை என்பதை வெளிப்படையாக எழுதுகிறேன். நம் ஊரில் ஆண்கள் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அந்த இடத்தில்தான் லேகியக்காரர்கள் நுழைந்துவிடுகிறார்கள்.

முதலில் அறிகுறி. சோர்வு, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் எனக்கும் இருந்தது. நாற்பது தாண்டிய பாதிப் பேருக்கு இது இருக்கும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்தது. காலையில் எழும்போது வரும் விறைப்பு குறைவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காமல் போவது ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு தெளிவான தொடர்பு தெரிந்தது. எனக்கு மூன்றும் இருந்தன. டாக்டரும் முதலில் கேட்டது இதைத்தான், சோர்வைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் விடிகாலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள் எடுக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது, வேறொரு நாள் திரும்ப எடுத்து இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் கணக்கு. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போது எடுக்கக் கூடாது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிட வேண்டும், சில கருவிகளில் முடிவையே மாற்றிவிடும். எனக்கு முதன்முதலில் இது தெரிய வந்தது ஒரு முழு உடல் பேக்கேஜில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தம் அது. அந்தக் காகிதத்தைப் பார்த்த ஒரு கிளினிக்கில், வேறு எதையும் கேட்காமல் அன்றைக்கே ஊசி போடலாம் என்றார்கள். நான் போடவில்லை. காலையில் முறையாக எடுத்தபோது 230, இன்னொரு நாள் 245 நானோகிராம். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் வைத்திருக்கும் எல்லை டெசிலிட்டருக்கு 300. குறைவுதான், ஆனால் ஏன் குறைவு என்ற கேள்வி பாக்கி இருந்தது.

அந்த ‘ஏன்’தான் இந்த விஷயத்தில் பாதி. விரைகளே வேலை செய்யவில்லையா, அல்லது அவற்றை வேலை செய்யச் சொல்லும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மந்தமாக இருக்கிறதா என்பதை எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு விரை சரி, மேலிருந்து வரும் கட்டளைதான் பலவீனம். அப்படி இருந்தால் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் தலைக்கு எம்ஆர்ஐயும் எடுக்க வேண்டும். பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருந்தால்கூட இப்படி ஆகலாம். எனக்கு அதெல்லாம் இல்லை. சர்க்கரை நோயும் தொப்பையும்தான் காரணம் என்றார் டாக்டர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் குறைவு இருப்பதாக 2004இலேயே அமெரிக்காவில் பஃபலோ நகர ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு பேர் என்று பாருங்கள். சுகர் செக்கப்புக்குப் போகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டாக்டர் உடனே மருந்து தரவில்லை. முதலில் எடையைக் குறைக்கச் சொன்னார், குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார். இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தாலே பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது என்று 2011இல் ஒரு ஆய்வு வந்தது. எனக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு இருந்தது, இரவில் சிபேப் என்ற காற்று செலுத்தும் முகமூடிக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தேன். இரவுச் சோற்றைக் குறைத்தேன், நடந்தேன், ஜிம்மில் எடை தூக்கினேன். எடை குறைந்தது, டெஸ்டோஸ்டிரோனும் கொஞ்சம் ஏறியது. என் சகலைக்கு இதைச் சொன்னபோது, “சகலை, எனக்கும் ஒரே சோர்வாத்தான் இருக்கு, நானும் ஒரு ஊசி போட்டுக்கட்டுமா?” என்றார். அவரைக் கையோடு கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது, குறைந்திருந்தது தைராய்டு. ஒரு சின்ன மாத்திரையில் ஆள் மாறிவிட்டார்.

எனக்கு எடை குறைந்த பிறகும் எண் 300ஐத் தொடவில்லை, அறிகுறிகளும் போகவில்லை. அதன் பிறகுதான் மருந்து. தொடங்குமுன் டாக்டர் கேட்ட கேள்வி: “இனிமேல் குழந்தை வேணும்னு யோசனை இருக்கா சார்?” வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி சுத்தமாக நின்றுகூடப் போகலாம், விரைகளும் சற்றுச் சுருங்கும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொள்ளும் கல்யாணமாகாத பையன்களுக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ஜெல் தினமும் காலையில் தோளில் தடவுவது. வலி இல்லை, அளவைக் கூட்டிக் குறைப்பதும் சுலபம். ஆனால் காய்ந்த பிறகும் தோலில் மிச்சம் இருக்கும், குழந்தைகள் மேலோ மனைவி மேலோ பட்டால் அவர்கள் உடம்பில் ஏறிவிடும். எங்கள் வீட்டில் அப்போது தம்பியின் கைக்குழந்தை எப்போதும் என் தோளில்தான். ஆறு மாதத்தில் நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது போடுவது டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட், 1000 மில்லிகிராம். விளக்கெண்ணெயில் கரைத்த மருந்து, 4 மில்லி, கெட்டியாக இருக்கும். இடுப்புக்குக் கீழே புட்டத்துத் தசையில் இரண்டு நிமிடமாவது எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய்த் துளிகள் ரத்தக் குழாய்க்குள் போய் நுரையீரலை எட்டி இருமல், மூச்சுத் திணறல் வரலாம். அதனால் போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். மருந்துக் குப்பியைக் கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கிப் போடும் நர்ஸிடம் போட்டால் வலி குறைவு, இது என் சொந்த அனுபவம். இரண்டு நாள் உட்காரும்போது வலிக்கும். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் ஆறு வாரம், அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. மலிவும் இல்லை.

பலன் ஒரே நாளில் வரவில்லை. முதலில் திரும்பியது ஆசை, சில வாரங்களில். அதற்குப் பின் காலை விறைப்பு. எரிச்சல் குறைந்ததை என்னைவிட மனைவிதான் முதலில் கவனித்தாள். உறவின்போதான விறைப்பு ஊசியால் மட்டும் சரியாகவில்லை. சர்க்கரை நோய் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்திருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் தனியாக அதைச் சரிசெய்யாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சில்டெனாஃபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து)தான் அதற்கு உதவுகிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். ‘மூலிகை’ என்று விற்கும் ஆண்மை மருந்துகள் பலவற்றில் இதே சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. நெருஞ்சில் பொடியையும் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று விற்கிறார்கள், மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அப்படி ஏறவில்லை.

சோர்வு? எதிர்பார்த்த அளவு போகவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையிலும் பாலுறவு சார்ந்த பலன் ஓரளவு தெரிந்தது, உடல் தெம்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனக்குத் தெம்பு தந்தது சிபேப்பும் தூக்கமும்தான். தொப்பை கொஞ்சம் இளைத்தது, சுகரும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் உணவையும் நடையையும் நான் விடாததால், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதய பயம் எனக்கு நிறைய இருந்தது. 2023இல் வந்த டிராவர்ஸ் ஆய்வு, இதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஜெல்லைப் பரிசோதித்தது. மாரடைப்பு, பக்கவாதம் அதிகரிக்கவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவதும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம். அதனால் பிபியை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன். பிராஸ்டேட் சுரப்பிக்காக பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வருடாவருடம்.

எனக்கு உண்மையான தொல்லை ஹீமாட்டோகிரிட்தான், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. இந்த மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் அல்லது குறைக்க வேண்டும். எனக்கு 46இல் தொடங்கியது, சென்ற தடவை 52. அதனால் ஊசி இடைவெளியை 12 வாரத்திலிருந்து 14 ஆக்கியிருக்கிறோம். அடுத்த பரிசோதனையிலும் இறங்கவில்லை என்றால் ஜெல்லுக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஊசியைவிட ஜெல்லில் ரத்தம் கெட்டியாவது குறைவு. தம்பி குடும்பம் தனிக்குடித்தனம் போய்விட்டதால் அதற்கு இப்போது தடையும் இல்லை.