மலைக்கு ஒன்று, அடிவாரத்துக்கு ஒன்று: நாலு மடக்குக் கத்திகளும் ஒரு பழைய பேனாக் கத்தியும்

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது “என்ன எஃகு?” என்றுதான். சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டுக்கும் ஏறி இறங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிடியையும், அலகு சுழலும் அச்சான ஆணியையும். சித்திரை வெயிலில் அடிவாரத்தில் மரப்பிடி காய்ந்து சுருங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மூடுபனியில் நான்கு நாள் வைத்தால் அதே பிடி ஈரம் குடித்துப் பருத்துவிடும். அலகு கூராகவே இருக்கும், ஆனால் திறக்க வராது.

இதில் அதிகம் மாட்டுவது ஒப்பினெல். பிரான்ஸின் சவோய் மலைநாட்டில் 1890-ல் பிறந்த கத்தி இது. எளிய பீச் மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, 1955-ல் சேர்ந்த சுழலும் பூட்டு வளையம், அவ்வளவுதான். 8-ஆம் எண்ணில் அலகு 8.5 செ.மீ. முதுகு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் மாம்பழத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். தடித்த அலகு பழத்தைப் பிளக்கும், இது அறுக்கும். நறுக்குவதற்கு இந்த நாலில் இதை மிஞ்ச ஆளில்லை.

பருத்துப்போன பிடியை நகத்தால் இழுத்து நகத்தைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிக்கட்டையை மேசை விளிம்பில் பட்டென்று தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய வித்தை இது. நிரந்தரத் தீர்வுக்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். சர்க்ளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றுங்கள். 220 எண் உப்புத்தாளை ஐஸ் குச்சியில் சுற்றி, பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும், ஆணியை ஒட்டிய பகுதியில் மட்டும், பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். இறுக்கம் விட்டதும் நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் லூசாக இருக்கட்டும்” என்று தேய்த்தவர் கத்தி அடுத்த கோடையில் பக்கவாட்டில் ஆடும், பூட்டு வளையமும் சரியாகப் பிடிக்காது. தேய்த்த இடத்துக்குப் பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை மெல்லிசாக மூன்று தடவை, தடவைக்கு ஒரு நாள் காயவிட்டுப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

கார்பன் எஃகா, இனாக்ஸ் என்கிற துருப்பிடிக்காத எஃகா? ஒப்பினெல் இரண்டிலும் வருகிறது. அலகிலேயே முத்திரை இருக்கும். கார்பன் கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். மல்கோவா ஒன்றை அறுத்துவிட்டு வைத்தால் சற்று நேரத்தில் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அது கெடுதல் இல்லை. அந்தப் படலம் படிந்த பிறகு செந்துரு பிடிப்பது குறையும். முதல் சில பழங்களில்தான் இரும்பு வாடை வரும். சேலத்து வறட்சியில் துடைத்து மடக்கினால் கார்பனுக்கு ஒரு குறையும் வராது. மலையில் ஈரக்கையோடு மடக்கி வைத்தால், காலையில் ஆரஞ்சுப் புள்ளி நிச்சயம்.

மலைக்கு விக்டோரினாக்ஸ் பயனியர். மூடிய நீளம் 93 மி.மீ., பிடி புடைப்பு வேலை செய்த அலுமினியம். ஈரத்தில் பருக்காது, வெயிலில் சுருங்காது. ஸ்விஸ் ராணுவம் 1961-ல் படைவீரர்களுக்குக் கொடுத்த அலுமினியப் பிடிக் கத்தியின் வம்சம். துரு பிடிக்காத அலகின் கடினம் ராக்வெல் அளவையில் 56. கூர் கார்பனைவிடச் சீக்கிரம் மழுங்கும், கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்பியும் வரும். பலாப்பழம் அறுக்கிறவர்களுக்கு இன்னொரு லாபம்: ஒப்பினெலின் மரப் பள்ளத்தில் பலாப்பால் இறங்கினால் கோந்துதான். பயனியரில் பால் இறங்கினாலும் ஆணிமூட்டில் சமையல் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்குள் பத்து தடவை திறந்து மூடிக் கழுவிவிடலாம். எதில் அறுத்தாலும் அலகில் முன்கூட்டியே எண்ணெய் தடவிக்கொள்வது நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி.

பயனியரின் குறை, பூட்டு இல்லை. வில் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. நுனியால் எதையாவது குத்தினால் அலகு விரலின் மேல் மடங்கும். துளை போட அதிலேயே குத்தூசி இருக்கிறது. அதுவும் மடங்கக் கூடியதுதான், மடங்கும் திசையில் அழுத்தாமல் பாருங்கள்.

அடுத்தது ஜப்பானின் மிக்கி ஊர் ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகடு, உரசல் பிடிப்பில் நிற்கும் அலகு, கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க ஒரு வால். விரலை எடுத்தால் அந்த உரசலைத் தவிர அலகை நிறுத்த எதுவும் இல்லை. நடுவில் கடின எஃகு வைத்து அடித்த வகையில், பட்டைத் தீட்டு (வாயை நோக்கிச் சரியும் முகம்) முழுவதையும் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தாலே கூர் வந்துவிடும். கோணம் பிடிக்கத் தெரியாதவருக்கும் தப்பாது. ஆனால் பித்தளை ஈரத்தில் பச்சை பூக்கும், கையில் வாடை ஒட்டும், தகட்டு விளிம்பு அரைமணி நேர வேலையில் உள்ளங்கையை உறுத்தும். ஆணி தளர்ந்தால் இரும்புக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு போதும். மூன்றாவது தட்டில் அலகு இறுகிப்போகும். பென்சில் சீவ, கடுதாசி பிரிக்க அருமை. காபித் தோட்டத்துக்கு வேண்டாம்.

நாலாவது, பட்டறைக் கத்தி. பழைய லாரி வில் பட்டையை அடித்து நீட்டி, தோய்ச்சல் போட்டு (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று அமிழ்த்தி இறுக்குவது), எருமைக்கொம்போ மரமோ பிடியாக வைத்துத் தருவது. பட்டை எஃகு நல்ல எஃகுதான், கோளாறு வந்தால் தோய்ச்சலில்தான் வரும். வாங்கும்போது ஒரு சின்ன அரத்தைக் கையோடு கொண்டுபோய் அலகின் வாயில் அடியிலிருந்து நுனிவரை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கடினம், கடித்தால் மெத்து. பாதியில் வழுக்கி நுனியில் கடிக்கிற கத்திகளே அதிகம், ஏனென்றால் மெல்லிய நுனி உலையில் முதலில் சூடேறி, தோய்ச்சலுக்குள் போவதற்குள் ஆறியும் விடுகிறது. ஆணி இரும்பாக இருந்தால் பித்தளை ஆணியும், அலகுக்கு இரு பக்கமும் மெல்லிய பித்தளை வாசரும் போட்டுத் தரச் சொல்லுங்கள். கயிறு அறுக்க, குச்சி சீவ, தவறி விழுந்தால் மனசு பதறாமல் இருக்க இதுதான் சரி.

“சேலம் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே அலகு செய்யக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தில் கரி மிகக் குறைவு. எத்தனை தோய்ச்சல் போட்டாலும் இறுகாது. பாத்திரக்கடை மடக்குக் கத்தியில் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அந்த ரகமாகத்தான் இருக்கும், கூர் நிற்காது. விட்டுவிடுங்கள்.

சாணை பற்றி ஒரே எச்சரிக்கை. தள்ளுவண்டிச் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் வாய் ஓரம் நீலம் பாயும். அந்த நீலம் சுமார் 300 டிகிரி சூட்டின் அடையாளம், அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 உள்ள கல் போதும். ஒப்பினெலுக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி, பட்டறைக் கத்திக்கு 20 டிகிரி. ஒரு பக்கம் தேய்க்கையில் மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை திருப்பக் கூடாது.

ஆணிக்கு எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய்தான் எல்லோர் கையிலும் இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஏற்காட்டு மார்கழியில் ஆணிக்குள் மெழுகு ஊற்றிய கதைதான். கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சாப்பாட்டுப் பொருள் அறுக்கிற கத்தி என்றால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின்.

வேட்டி கட்டியவருக்குப் பாக்கெட் ஏது? சட்டைப்பையில் வைத்தால் கிணற்றில் குனியும்போது போய்விடும். பை வைத்த பச்சை பெல்ட் இதற்கென்றே வந்த மாதிரி. பயனியருக்கு வளையம் உண்டு, கயிறு கோக்கலாம். ஒப்பினெலுக்கு அடிக்கட்டையில் 4 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டுக்கும் தொழிலுக்கும் ஆகாத அலகுகளைத்தான் 2016 ஆயுத விதிகளின் அட்டவணை ஆயுதமாகச் சொல்கிறது. இந்த நாலும் அதில் பாதிகூட வராது. அதற்காக நீதிமன்ற வாசலிலும் கலெக்டர் ஆபீசிலும் பையில் வைத்துக்கொண்டு விவாதம் பண்ண வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, லக்கேஜில் போட்டுவிடுங்கள். பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி பக்கமே போகாதீர்கள்.

சேகரிக்கிறவர் கண் போவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பேனாக் கத்திகள் மேல். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி என்றால் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் முத்திரை. நார்ஃபோக் தெரு 6-ஆம் எண் என்ற முகவரியும் பல அலகுகளில் இருக்கும். கிரீடத்தோடு வி.ஆர். எழுத்து இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901-க்கு முன். போலிகளும் அன்றே நிறைய. அலகைப் பாதி திறந்து, வில் பிடியின் முதுகோடு சமமாக நிற்கிறதா பாருங்கள். தேய்த்துத் தேய்த்து அலகு ஒல்லியாகி, மூடினால் நுனி பிடிக்கு மேலே துருத்துவதை வாங்காதீர்கள். தந்தப் பிடி, கடமான் கொம்புப் பிடி இரண்டும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. பழசு என்று சொல்லி யார் நீட்டினாலும் விற்பனைக்கு உள்ளதைத் தொடாதீர்கள்.

வீட்டில் வைப்பதற்குத் தோல் உறை ஆகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பித்தளையில் களிம்பு ஏற்றும். எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆமை ஓடு, முத்துச்சிப்பி மாதிரி பளபளக்கும் பழைய செல்லுலாய்டு பிடி இருந்தால் மட்டும் அதைத் தனியே, காற்று போகிற டப்பாவில் வைக்க வேண்டும். அது மெல்லச் சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்தில் உள்ள கத்திகளையும் சேர்த்துத் துருவேற்றும். மலை வீட்டில் டப்பாவை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், அடிவாரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.