ஒரு சென்டிமீட்டர் குறைவு: லிஃப்ட் மெக்கானிக் பார்த்த பிடதி வொண்டர்லா

லிஃப்ட் பராமரிப்புதான் என் தொழில். பெங்களூரில் 19 வருடமாக மோட்டார் ரூமிலும் லிஃப்ட் குழியிலும் கழிந்த உடம்பு இது. அதனால் எங்கே போனாலும் மற்றவர்கள் பார்ப்பது என் கண்ணில் படாது. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் லிஃப்ட் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மனைவி வந்து இழுத்துக்கொண்டு போவாள். பெங்களூர் பக்கத்தில் பிடதியில் இருக்கிற வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போனபோதும் அதே கதைதான். எந்த ரைடு ஜாலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆயிரம் வீடியோ கிடக்கிறது. நான் எழுதப்போவது வேறு.

போனது ஐந்து பேர். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், ஏழு வயதுப் பையன், அப்பா. அப்பாவுக்கு 73. கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "நான் எதுக்குடா அங்கெல்லாம்? வீட்ல இருக்கேன்" என்றார். பேரன் விடவில்லை.

நாள் தேர்வு செய்வதில் இந்தத் தடவை புத்தியாக நடந்துகொண்டோம். இரண்டு வருடத்துக்கு முன் மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய் வந்தோம். அது எங்கள் முட்டாள்தனம். பள்ளி விடுமுறை, ஞாயிறு, வெயில் மூன்றும் சேர்ந்தால் பெங்களூர் முழுக்க அங்கேதான் இருக்கும். இப்போது பிள்ளைகளுக்கு லீவு விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஆன்லைனில் டிக்கெட் எடுத்துப் போனோம். வார நாளில் டிக்கெட் விலையும் குறைவு, முதியவர்களுக்குத் தனி விலை உண்டு. குழந்தை டிக்கெட் வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. புக் பண்ணும் முன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி டேப் வைத்து அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல். இந்தச் செருப்பு விஷயம் பின்னால் வரும்.

ஊரிலிருந்து மைசூர் ரோட்டில் 28 கிலோமீட்டர். மெட்ரோ பர்ப்பிள் லைன் 2023-இல் சல்லகட்டா வரை நீண்டுவிட்டது. இளவட்டங்கள் அதில் போய் இறங்கி, மீதித் தூரத்துக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். அப்பா இருந்ததால் ஸ்ரீராமபுரத்திலிருந்து வேன் பேசினோம். ஏழரைக்கு வரவேண்டிய வேன் எட்டே முக்காலுக்கு வந்தது. டிரைவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, சாயங்காலம் கூடுதல் பேட்டா வேறு கேட்டார். வேன் பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், பேட்டா உள்ளடக்கமா என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பிடதியில் நிறுத்தித் தட்டே இட்லி சாப்பிட்டோம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும், மேலே ஒரு உருண்டை வெண்ணெய். பையன் இரண்டு கேட்டான். ஒன்றோடு நிறுத்தினேன். வயிறு நிறைய இட்லியை வைத்துக்கொண்டு சுற்றுகிற ரைடில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமையே என் சட்டை தெரிந்துகொண்டது.

வொண்டர்லா 2005-இல் திறந்தது, 82 ஏக்கர். வி-கார்ட் கம்பெனியை ஆரம்பித்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி கொச்சியில் 2000-இல் வீகாலேண்ட் என்று முதலில் ஒன்று கட்டினார். அதற்குத் தம்பி இது. ஸ்டெபிலைசர் விற்றவர் ராட்டினம் கட்டியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு நம்பிக்கை. கரன்ட் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று தெரிந்த ஆள்.

உள்ளே நுழைந்ததும் மகள் நேராக ரீகாயிலுக்கு ஓடினாள். முன்னால் போய்த் தலைகீழாகச் சுற்றி, பிறகு அதே பாதையில் பின்னோக்கித் திரும்பி வரும் ரோலர் கோஸ்டர். ஆறு மாதமாக அவள் பேச்சே அதுதான். இப்படிப்பட்ட பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ உயரம் வேண்டும். வீட்டில் அளந்தபோது 140 சரியாக வந்தது. வரிசையின் முனையில் அளவுக்கோல் பக்கத்தில் நின்ற பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், அவளை நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னான். தலைமுடியைக் கையால் அழுத்தினான். ஒரு சென்டிமீட்டர் குறைவு.

வீட்டில் அளந்தபோது அவள் உச்சிக்கொண்டை போட்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மனைவி கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தாள். "ஒரு சென்டிமீட்டர்தானே தம்பி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன்." அவன் சிரித்தபடியே "ஆகல்ல மேடம்" என்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மகள் கண் கலங்கிவிட்டது. அவன் மசியவில்லை. எரிச்சலும் காட்டவில்லை, குனிந்து அவளிடம், இன்னும் மூன்று மாதத்தில் வா, நீயே முதல் சீட் என்று சொன்னான்.

மகள் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தோள் மேல் வந்து பூட்டுகிற அந்தக் கம்பி, உட்கார்ந்தவரின் தோளும் இடுப்பும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. ஆள் சின்னதாக இருந்தால் கம்பி பூட்டும், ஆனால் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இடம் இருக்கும். தலைகீழாகும்போது அந்த இடம்தான் ஆபத்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதெல்லாம் அந்த வேகத்தில் நடக்கிற காரியம் இல்லை. 139-க்கு விட்டவன் 137-க்கும் விடுவான். லிஃப்டிலும் இதே கதைதான்: கதவு முழுக்கப் பூட்டாவிட்டால் இன்டர்லாக் என்கிற பூட்டுச் சுவிட்ச் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்காது. எத்தனை அபார்ட்மென்டில் "கொஞ்சம்தானே சார், பைபாஸ் பண்ணிக் கொடுங்க" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா!

மனைவி தனியாகப் போய் இரண்டு தடவை ஏறிவிட்டு வந்தாள். நான் பைகளைப் பார்த்துக்கொண்டேன். முதுகெலும்புக் கோளாறு, இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று பலகை இருக்கிறது. எனக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, டாக்டர் சீட்டு உண்டு. பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் மேடையையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆள்கள் உட்கார்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஒருவன் நடந்து வந்து ஒவ்வொரு கம்பியையும் கையால் மேலே இழுத்துப் பார்க்கிறான். கண்ணால் பார்ப்பது இல்லை, இழுத்தே பார்க்கிறான். கடைசி சீட் முடிந்ததும் கை தூக்குகிறான், அதன் பிறகே பட்டன். பதினொரு தடவை எண்ணினேன், பதினொன்றிலும் இழுத்தான். வேறு எந்தப் பார்க்குக்குப் போனாலும் ஏறுவதற்கு முன் இரண்டு சுற்று நின்று இதை மட்டும் பாருங்கள்.

எதிர் அனுபவம் ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பொருட்காட்சி மைதானத்தில், ஊரும் பேரும் வேண்டாம், ராட்டினத்தில் ஏறினோம். குறுக்குக் கம்பியைப் பூட்ட ஆணிக்குப் பதில் கட்டுக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் ஒரு கையில் லீவர், இன்னொரு கையில் போன். பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன், காசு திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று நாளில் பிரித்து அடுத்த ஊரில் மாட்டுகிற ராட்டினத்தில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக முறுக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த நம்பிக்கை வராது.

பிள்ளைகள் பயந்தால் அவர்களுக்கு இயந்திரத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்பது என் வழக்கம். கோஸ்டர் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சக்கரம் மட்டும் இல்லை. பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று, ஆக மூன்று பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அடிச் சக்கரத்துக்கு அமெரிக்காவில் ஜான் மில்லர் என்பவர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். சங்கிலியில் இழுத்து மேலே ஏற்றுகிற பழைய மாதிரி கோஸ்டரில் டக் டக் டக் என்று வயிற்றைக் கலக்குகிற சத்தம் வருமே, அது வண்டி பின்னால் சரியாமல் இருக்கப் பல்லில் கொக்கி விழுகிற சத்தம். நல்ல சத்தம். தூக்கிக் கீழே போடும் கோபுர ரைடுகள் பலவற்றில் பிரேக் காந்தத்தால் வேலை செய்கிறது, அதற்குக் கரன்டே வேண்டாம். லிஃப்ட் பிரேக்கும் அப்படித்தான்: ஸ்பிரிங் பிடித்துக்கொண்டே இருக்கும், கரன்ட் வந்தால்தான் விடும். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது என்று 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் லிஃப்ட் கம்பெனி ஆரம்பித்த எலிஷா ஓடிஸ், தானே மேடையில் ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டினார். பையனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், பாதி வரிசை நேரம் இதிலேயே போய்விட்டது.

அப்பாவுக்கு என்ன செய்வது என்பதுதான் கவலையாக இருந்தது. ஸ்கை வீல் காப்பாற்றியது. உயரமான கட்டடத்தின் தலையில் ராட்டினத்தை வைத்திருக்கிறார்கள், 130 அடி, மேலே போக லிஃப்ட். மெதுவாகச் சுற்றும், முதியவர்களுக்கு ஏற்றது. லிஃப்டுக்குள் நான் பழக்கத்தில் கதவுச் சென்சாரைப் பார்க்கிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கதவு திறந்ததும், "என்னடா இது, ஆட்டமே இல்லாம போவுது, ஒரு மணியும் அடிக்க மாட்டேங்கறான்" என்றார். ஆள்களை இறக்கி ஏற்றுகிற சுரங்கக் கூண்டில் மணிக் கணக்கு உண்டு: மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம், இன்ஜின் ஓட்டுகிறவன் அதற்கேற்ப மெதுவாக விட வேண்டும். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு அவர் கூண்டைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு ராட்டினத்தின் உச்சியில், கீழே மைசூர் ரோடும் தென்னந்தோப்பும் தெரிய, பேரனின் முழங்காலில் விரலால் தட்டி ஒவ்வொரு மணிக்கும் அர்த்தம் சொன்னார். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு. "மேலே போறதுக்கு இவ்வளவு காசாடா, நாங்க கீழே போகச் சம்பளம் வாங்கினோம்" என்று ஒரு கிண்டல் வேறு. மறுபடி ஒரு தடவை ஏறினார்.

தண்ணீர்ப் பக்கம் காலையிலேயே திறப்பதில்லை, அதனால் முதலில் தரை ரைடுகளை முடித்துவிடலாம். தண்ணீரில் இறங்க நைலான் உடை கட்டாயம், பருத்தி, ஜீன்ஸ், சேலை எதுவும் ஆகாது. நான் இதை மறந்து வேட்டி லுங்கியோடு போய், வாசலுக்கு வெளியே சாலையோரக் கடையில் அவசரத்துக்கு ஒரு நைலான் பேன்ட் வாங்கினேன். பேரம் பேசத் தெரியாதவன் என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அலைக்குளத்தில்தான் பெற்றோர் கண் இமைக்கக் கூடாது. ஆழம் குறைவாகத் தெரியும், அலை வரும்போது ஏழு வயதுக் குழந்தைக்குக் கழுத்துக்கு வந்துவிடும். காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம்: பையனுக்கு எப்போதும் கையெட்டும் தூரத்தில் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. "எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பொறுப்பு மாறும்போது வாய்விட்டுச் சொல்லி மாற்ற வேண்டும். போன் லாக்கரில் போய்விடுவதால், தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று முன்பே ஒரு இடம் சொல்லி, பையன் கையில் பால்பாயின்ட் பேனாவால் என் நம்பரை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அழிந்துவிட்டது. அடுத்த தடவை மார்க்கர். பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை போட்டுவிட்டது மட்டும் நல்ல யோசனை, கூட்டத்தில் எங்கிருந்தாலும் தெரிந்தது.

மழை டிஸ்கோ என்று ஒன்று, இருட்டு அறைக்குள் வெதுவெதுப்பான மழையில் பாட்டோடு ஆடுவது. அங்கே மகளின் முகம் தெளிந்தது. அவளும் அம்மாவும் வெளியே வர மனசில்லாமல் வந்தார்கள்.

வெளிச் சாப்பாடு உள்ளே அனுமதி இல்லை. உள்ளே உணவகங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு மாத்திரை நேரம் என்பதால் பன்னிரண்டரைக்கே போய்விட்டோம், கூட்டமில்லாமல் முடிந்தது. செலவில் சாப்பாட்டையும் லாக்கரையும் டிக்கெட்டுக்கு மேல் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம். அரை குறைத்தது மகள் சார்பில். திரும்பி வந்த அன்றே கொண்டை இல்லாமல் சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டாள், தினமும் காலையில் போய் நின்று பார்க்கிறாள். அந்த நைலான் பேன்ட்டை ஒரே ஒரு தடவைதான் போட்டேன். இடுப்பு 38, நிறம் மயில் பச்சை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.